குட்டி தாயோடு

ஏகாம்பரம் அண்ணன் வீடு இதுதானேக்கா? நான் வான்மதி. மிருகக்காட்சிப் பூங்காவுல சனிக்கிழமை பிள்ளைங்களுக்கு வகுப்பு எடுக்கிற மிஸ். ஆமா, அந்த மிஸ்தான். என்னைப் பத்தி அண்ணன் சொல்லியிருக்காரா? நல்லவிதமாத்தானே?

வீட்ல இல்லையா? பரவாயில்ல, காத்திருக்கேன். நீங்க எழுந்திருக்காதீங்க. ஜாக்கெட்டுக்குக் கொக்கி தைக்கிறீங்களா, தைங்க, நிறுத்த வேணாம். ஒருத்தர் என் முகத்தையே பாத்துக்கிட்டு இருந்தா எனக்குப் பேச்சு வராதுக்கா. நீங்க குனிஞ்சு தைச்சுக்கிட்டே இருந்தீங்கன்னா நான் பேசிடுவேன். தண்ணி மட்டும் போதும். டீயெல்லாம் வேணாம்.

நான் வந்தது ஒரு லெட்டர் விஷயமா. நாளைக்குக் காலைல பதினோரு மணிக்கு டைரக்டர் சார் முடிவு சொல்லப் போறாரு. அண்ணனை வச்சுக்கறதா, அனுப்பிடறதான்னு. பதினாலு வருஷம் தினக்கூலியா குரங்குக் கூண்டைப் பாத்துக்கிட்டு இருந்து, இந்த வருஷம்தான் நிரந்தரம் பண்ற லிஸ்ட்ல அவர் பேர் வந்துச்சு. இந்த நேரம் பாத்து இப்படி ஆயிடுச்சு. அதனால நானே உக்காந்து ஒரு மன்னிப்புக் கடிதம் எழுதியிருக்கேன். அண்ணன் ஒரு கையெழுத்துப் போட்டா போதும். சார் கோபக்காரர்தான், ஆனா பணிஞ்சு போறவங்களை ஒண்ணும் செய்யமாட்டாரு. ஒரு எச்சரிக்கையோட விட்டுடுவாரு. மூணு தடவை அடிச்சுத் திருத்தி எழுதினேன்க்கா. ஒரு எழுத்துப்பிழை இருக்காது. ஆபீஸ் பிரிண்டர்ல எடுக்கல, யாராவது பாத்தா வம்பு. பஸ் ஸ்டாண்டு பக்கத்துல ஜெராக்ஸ் கடையில எடுத்தேன். இந்தாங்க, இப்படி வைக்கிறேன். அப்புறமா படிச்சுப் பாருங்க. நீங்க பத்தாவது பாஸ்னு அண்ணன் பெருமையா சொல்வாரு.

யாரும் என்னை அனுப்பல. நானாத்தான் வந்தேன். மனசு கேக்கல.

என்ன நடந்துச்சுன்னு உங்ககிட்ட சொன்னாரா? ஒண்ணுமேவா? 'கொஞ்ச நாள் வீட்ல இருக்கச் சொல்லியிருக்காங்க', அவ்வளவுதானா? அவரும் என்னை மாதிரிதான் போல. சரி, நானே முதல்லேர்ந்து சொல்றேன். எனக்கும் யார்கிட்டயாவது சொல்லணும். எட்டு நாளா எனக்குள்ளயே வச்சிருக்கேன். என் வகுப்பையும் நிறுத்திட்டாங்க, தெரியுமா? நேத்து சனிக்கிழமை. ஆறு மணிக்கு வழக்கம்போல எழுந்து கிளம்பிட்டேன், அப்புறம்தான் ஞாபகம் வந்துச்சு.

எனக்குச் சின்ன வயசுலேர்ந்தே கூட்டத்துல பேச வராதுக்கா. எம்.எஸ்சி. விலங்கியல்ல காலேஜ்ல ரெண்டாவதா வந்தேன். நேர்முகத் தேர்வுல மட்டும் வாயே திறக்க மாட்டேன். இந்த வேலைக்குக்கூட எழுத்துல எடுத்த மார்க்காலதான் கிடைச்சுது. வகுப்பு எடுக்கணும்னு சொன்னதும் முதல் மாசம் தினமும் காய்ச்சல் வரும். அப்புறம் ஒரு வழி கண்டுபிடிச்சேன். யாரும் பேச வேண்டியில்லாத வகுப்பு. நானும் பேசவேண்டாம், பிள்ளைங்களும் பேசவேண்டாம். உக்காந்து மிருகத்தைப் பாக்கறது, எழுதறது. அவ்வளவுதான்.

எல்லாம் பதினொண்ணாவது படிக்கிற பிள்ளைங்க. சுத்துவட்டாரத்து அரசுப் பள்ளிக்கூடங்கள்லேர்ந்து இருபத்திரண்டு பேர். ஆளுக்கு ஒரு அட்டை, ஒரு தாள். தாள்ல கட்டம் கட்டமா போட்டிருக்கும். நான் கையில ஒரு கடிகாரம் வச்சிருப்பேன், நிமிஷத்துக்கு ஒருதடவை பீப்னு சத்தம் வரும். அந்தச் சத்தம் வர்ற நொடியில குரங்கு என்ன செய்யுதோ, அந்தக் கட்டத்துல ஒரு டிக். சாப்பிடுதா, நடக்குதா, சும்மா உக்காந்திருக்கா, பேன் பாக்குதா. முதல் நாள் ஒருத்தன் எழுந்திருச்சு, "மிஸ், குரங்குக்குப் பதிலா இந்த மகிழ்நனைப் பாத்து எழுதட்டுமா? சாப்பிடற கட்டம் மட்டும்தான் மிஸ் நிரம்பும், வேலை சுலபம்"னான். எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். அன்னைக்குத்தான் முதல்தடவையா வகுப்புல பயமில்லாம நின்னேன்.

அவங்களுக்கு நான் திரும்பத் திரும்பச் சொன்னது ஒண்ணே ஒண்ணுதான். நினைக்கிறதை எழுதாதீங்க, பாக்கறதை மட்டும் எழுதுங்க. குரங்கு சோகமா இருக்குன்னு எழுதினா கோடு போட்டு அடிச்சிடுவேன். சோகத்தை நீ பாத்தியா? தலை குனிஞ்சிருக்கறதைப் பாத்தே. தலை குனிஞ்சிருக்குன்னு எழுது. அப்புறம் இன்னொண்ணு, தலையிடக்கூடாது. நாம பாக்க வந்தவங்க. நாம இருக்கறதே அதுக்குத் தெரியக்கூடாது. கூப்பிடக்கூடாது, கை தட்டக்கூடாது, பழம் போடக்கூடாது. அறிவியல்னா அதுதான்க்கா. உலகம் முழுக்க அப்படித்தான் செய்றாங்க.

அண்ணனைக்கூட அந்த நேரத்துல கூண்டுப் பக்கம் வரவேண்டாம்னு சொல்லியிருந்தேன். ஒன்பதுலேர்ந்து பன்னண்டு வரைக்கும். ஏன்னா அவர் தலை தெரிஞ்சாப் போதும், பொம்மி அவரையேதான் பாத்துக்கிட்டு நிக்கும். பொம்மி யாருன்னு தெரியும்ல? அந்தச் சிங்கவால் குரங்கு. கறுப்பா, முகத்தைச் சுத்தி வெள்ளையா பிடரி மயிர் வச்சிருக்கும். தெரியுமா? ஓ, சக்களத்தின்னு சொல்வீங்களா நீங்க? அது சரி. அண்ணன் அதுகிட்ட பேசறதைக் கேட்டா அப்படித்தான் தோணும். "என்னாடி, புள்ள பெத்தவ மாதிரியா இருக்கே? ஒரு வாய் துன்னு"ன்னு கெஞ்சுவாரு. அது வாழைப்பழத்தை வாங்கி அவர் மேலயே தோலை எறியும்.

காட்டுலயே அந்த இனம் கொஞ்சம்தான் மிச்சம். எங்க பூங்காவுல பதினோரு வருஷத்துக்கு அப்புறம் அந்தக் குட்டி பொறந்துச்சு. பேப்பர்ல படம் வந்துச்சு. படத்துல டைரக்டர் சார் இருக்காரு, மிருக டாக்டர் இருக்காரு, பின்னாடி ஓரத்துல அண்ணனோட தோள் மட்டும் தெரியும். நான் அந்தப் படத்துல இல்ல. போட்டோ எடுக்கறாங்கன்னதும் நகந்துட்டேன். குட்டிக்காக நான் தாள்ல புதுசா ரெண்டு கட்டம் சேத்தேன். 'குட்டி தாயோடு', 'குட்டி தனியாக'. அவ்வளவுதான். எளிமையா இருக்கணும்ல. பிள்ளைங்க குழம்பக்கூடாது.

அன்னைக்கு சனிக்கிழமை, குட்டிக்குப் பத்தொம்பது நாள்.

என் வகுப்புல கௌசர் பானுன்னு ஒரு பொண்ணு. எப்பவும் முதல் வரிசையில உக்காருவா. கையெழுத்து முத்து மாதிரி இருக்கும், ஆனா சொன்ன பேச்சு கேக்கமாட்டா. கட்டத்துல டிக் போட்டுட்டு ஓரத்துல எதையாவது எழுதிக்கிட்டே இருப்பா. ஓரத்துல எழுதக்கூடாதுன்னு நாலு வாரமா சொல்றேன். அன்னைக்கு ஆரம்பிச்சுக் கால் மணி நேரம்கூட ஆகல, என் துப்பட்டாவைப் பிடிச்சு இழுக்கிறா.

"மிஸ், குட்டி பிடிக்கல மிஸ்."

"என்ன பிடிக்கல?"

"அம்மாவைப் பிடிக்கல. அம்மாதான் ஒரு கையால அதைப் பிடிச்சிருக்கு. எங்க அக்கா குழந்தை தூங்கும்போதுகூட நைட்டியை விடாது மிஸ். விரலை ஒவ்வொண்ணா எடுக்கணும். இது கை தொங்குது."

நான் பாத்தேன். உண்மைதான். பொம்மி மூணு காலால நடந்து போச்சு, இன்னொரு கையால குட்டியை வயித்தோட அணைச்சுக்கிட்டு. குட்டியோட கை ஆடிச்சு. அது நடக்கறதால ஆடுச்சா, தானா ஆடுச்சான்னு தூரத்துலேர்ந்து சொல்லமுடியாது. சொல்லமுடியாததை எழுதக்கூடாது.

"ஏகாம்பரம் மாமாவைக் கூப்பிடட்டா மிஸ்?"ன்னு எழுந்துட்டா.

நான் வாயில விரல் வச்சுக் காமிச்சேன். உக்காருன்னேன். தலையிடக்கூடாதுன்னு நான்தானே பதினாலு வாரமா சொல்லிக் கொடுத்தேன்? நானே அன்னைக்கு மாத்தினா மத்த பிள்ளைங்க என்ன நினைப்பாங்க? அதுவும் மணி அப்போ ஒன்பது பன்னண்டுதான். இன்னும் ரெண்டேமுக்கால் மணி நேரம் கணக்கெடுப்பு பாக்கி. நடுவுல நிறுத்தினா அன்னைக்கு எழுதினது முழுசும் வீண்.

முடிஞ்சதும் தாளெல்லாம் வாங்கினேன். இருபத்தொரு தாள் அழகா இருந்துச்சு. 'குட்டி தாயோடு' கட்டத்துல வரிசையா டிக், நூத்தி எம்பது டிக். கௌசர் தாள்ல மட்டும் ஓரம் பூரா எழுத்து. 'கை பிடிக்கவில்லை.' 'வாய் திறந்திருக்கிறது, பால் குடிக்கவில்லை.' 'தாய் அதைத் தூக்கி முகத்தைப் பார்த்தது, கீழே வைத்தது, மறுபடி தூக்கியது.' நான் ஒரு புதுத் தாள் குடுத்து, "ஓரத்துல எதுவும் இல்லாம டிக் மட்டும் பாத்து எழுதிக் குடும்மா"ன்னு சொன்னேன். திட்டல. அன்பாத்தான் சொன்னேன். அவ என்னை ஒரு மாதிரி பாத்தா. பாத்துட்டு எழுதிக் குடுத்தா. மத்த பொண்ணுங்க பஸ்ஸுக்கு ஓடிட்டாங்க, இவ மட்டும் தனியா உக்காந்து நூத்தி எம்பது டிக் போட்டா.

சாயந்திரம் நாலு மணிக்கு அண்ணன் ஆஸ்பத்திரிக் கட்டடத்துக்கு ஓடினாரு. அந்த ஓட்டத்தை நான் ஜன்னல்லேர்ந்து பாத்தேன். செருப்பு இல்லாம ஓடினாரு. டாக்டர் வந்து பாத்தப்போ குட்டி விறைச்சிருந்துச்சு. பொம்மி குடுக்கவே இல்ல. செத்த குட்டியையும் தாய் நாள்கணக்குல தூக்கிக்கிட்டுத் திரியும்க்கா, அந்த இனத்துல அது வழக்கம். நான் பரீட்சையில ஒரு பக்கம் எழுதியிருக்கேன் அதைப் பத்தி. கடைசியில அண்ணன் போய்ப் பக்கத்துல உக்காந்து ஏதோ பேசினாரு. என்ன பேசினாருன்னு எனக்குக் கேக்கல. அவர்கிட்ட குடுத்துச்சு.

நுரையீரல்ல சளி கட்டியிருந்துச்சுன்னு டாக்டர் சொன்னாரு.

ஊசி குத்திடுச்சா? பாத்துக்கா. ரத்தம் வருது. துணியால அழுத்திப் பிடிங்க.

விசாரணை செவ்வாய்க்கிழமை வச்சாங்க. செவ்வாய்க்கிழமை பூங்காவுக்கு விடுமுறை, பாக்க வர்ற ஜனங்க இருக்கமாட்டாங்கன்னு. டைரக்டர் சார், டாக்டர், ஆபீஸ்லேர்ந்து ரெண்டு பேர். நானும் இருந்தேன். குறிப்பு எழுதறதுக்கு. என் கையெழுத்து தெளிவா இருக்கும்னு எப்பவும் என்னைத்தான் கூப்பிடுவாங்க.

சார் என்னோட தாளெல்லாம் மேஜை மேல பரப்பி வச்சிருந்தாரு. எனக்கு உண்மையைச் சொன்னா, பெருமையா இருந்துச்சுக்கா. பதினாலு வாரமா யாரும் அதைத் திறந்துகூடப் பாக்கல. "பாருய்யா"ன்னாரு. "இருபத்திரண்டு பிள்ளைங்க, மூணு மணி நேரம், நிமிஷத்துக்கு நிமிஷம் பாத்திருக்குங்க. காலைல பன்னண்டு மணி வரைக்கும் குட்டி நல்லா இருந்திருக்கு. தாயோட இருந்திருக்கு. அதுக்கப்புறம்தான் மோசமாகியிருக்கு. பன்னண்டுலேர்ந்து நாலு வரைக்கும் நீ எங்கய்யா போன? என்ன பண்ணிக்கிட்டிருந்த?"

அண்ணன் அந்தத் தாள்களைப் பாத்தாரு. அவருக்கு அது என்னன்னு புரியலன்னு நினைக்கிறேன்.

"காலைலயும் நல்லா இல்ல சார்"ன்னாரு. "வெள்ளிக்கெழமயே சோர்வாத்தான் இருந்துச்சு. பால் குடிக்கல. நான் சொன்னேன் சார்."

"யார்கிட்ட சொன்ன?"

அண்ணன் மறுபடி தாளையே பாத்தாரு.

"டாக்டர்கிட்ட சொன்னியா?"

"இல்ல சார்."

"பின்ன யார்கிட்டய்யா சொன்ன? காத்துகிட்டயா? பொம்மிகிட்டயா?"

ஆபீஸ்காரங்க சிரிச்சாங்க. அண்ணன் தலையைக் குனிஞ்சுக்கிட்டாரு. "சொன்னேன் சார்"ன்னு மட்டும் இன்னொருதடவை சொன்னாரு. சார் என் பக்கம் திரும்பி, "எழுதும்மா, ஊழியர் பதில் சொல்ல மறுத்துவிட்டார்னு எழுது"ன்னாரு.

நான் எழுதினேன்.

ஏன்க்கா தைக்கிறதை நிறுத்திட்டீங்க? தைங்க. நீங்க தைச்சாத்தான் எனக்குச் சொல்ல வரும்.

யார்கிட்ட சொன்னார்னு கேக்கறீங்களா? அது... இதைச் சொல்லத்தான் வரேன். இதுக்கும் லெட்டருக்கும் சம்பந்தம் இல்ல, இருந்தாலும் சொல்லிடறேன். வெள்ளிக்கிழமை சாயந்திரம் நான் ஆபீஸ் பக்கம் போய்க்கிட்டிருந்தேன். அண்ணன் கையில பக்கெட்டோட குறுக்க வந்தாரு. "மிஸ், குட்டி சரியில்ல. டாக்டராண்ட ஒரு வார்த்த சொல்லிடுங்க. நான் சொன்னா 'நீ டாக்டரா நான் டாக்டரா'ம்பாரு. நீங்க படிச்சவங்க, நீங்க சொன்னா கேப்பாரு"ன்னாரு. அவருக்கு என் படிப்பு மேல அவ்வளவு நம்பிக்கை.

நான் போனேன்க்கா. போகாம இல்ல. டாக்டர் ரூம் வாசல் வரைக்கும் போனேன். உள்ள ரெண்டு பேர் உக்காந்திருந்தாங்க, வெளியூர்லேர்ந்து வந்தவங்க, சத்தமா சிரிச்சுப் பேசிக்கிட்டிருந்தாங்க. நான் வாசல்ல நின்னேன். டாக்டர் ஒருதடவை பாத்தாரு, 'என்னம்மா'ன்னு கேப்பார்னு நினைச்சேன். கேக்கல. கால் மணி நேரம் நின்னேன். அப்புறம் நாளைக்குச் சொல்லிக்கலாம்னு வந்துட்டேன். ஒரு நாள்தானே? பஸ்ஸும் போயிடும். நீங்களே சொல்லுங்க, பெரியவங்க பேசிக்கிட்டிருக்கும்போது நடுவுல போய்க் குரங்குக்குட்டி பால் குடிக்கலன்னு எப்படிச் சொல்றது?

மறுநாள் காலைல, வகுப்புக்கு முன்னாடி, அண்ணன் என்கிட்ட வந்து, "டாக்டராண்ட சொன்னீங்களா மிஸ்? வராராமா?"ன்னு கேட்டாரு. நான் ஆமான்னு சொல்லலக்கா. சத்தியமா அந்த வார்த்தை என் வாயிலேர்ந்து வரல. தலையை மட்டும் ஆட்டினேன். பிள்ளைங்க சுத்தி நின்னாங்க, அட்டை குடுத்துக்கிட்டிருந்தேன். தலையை ஆட்டினா அதுக்கு ஆமான்னுதான் அர்த்தமா? நான் யார் என்ன கேட்டாலும் அப்படித்தான் ஆட்டுவேன். அவர் அதை ஆமான்னு எடுத்துக்கிட்டாரு. டாக்டர் வருவார், வருவார்னு நாலு மணி வரைக்கும் வழி பாத்துக்கிட்டு இருந்திருக்காரு. அது எனக்கு அப்போ தெரியாது.

விசாரணை முடிஞ்சு வெளியில வரும்போது டாக்டர் யார்கிட்டயோ சொன்னாரு, "வெள்ளிக்கிழமையே தெரிஞ்சிருந்தா ஊசி போட்டுப் பாத்திருக்கலாம்"னு. பாத்திருக்கலாம்னுதான் சொன்னாரு. பிழைச்சிருக்கும்னு சொல்லல. ரெண்டுக்கும் வித்தியாசம் இருக்கு.

அண்ணன் ஏன் என் பேரைச் சொல்லலன்னு எனக்குத் தெரியல. நான் அதே ரூம்லதான் இருந்தேன், ரெண்டு நாற்காலி தள்ளி. ஒருதடவை என்னைப் பாத்தாரு. நான் நோட்டைப் பாத்துக்கிட்டேன். வெளியில வந்ததும் என்கிட்ட வந்து, "பயந்துடாதீங்க மிஸ், சின்னப் புள்ள நீங்க"ன்னாரு. நான் பயந்தேன்னு யார் சொன்னா? நான் குறிப்பு எழுதிக்கிட்டிருந்தேன்.

அந்தக் கௌசர் இருக்காளே, அவ புதன்கிழமை பள்ளிக்கூடம் விட்டுப் பூங்கா வாசலுக்கே வந்துட்டா. வகுப்பு நிறுத்தினது அவளுக்குத் தெரிஞ்சிருக்கு, ஏகாம்பரம் மாமாவை வீட்டுக்கு அனுப்பினதும் தெரிஞ்சிருக்கு. "மிஸ், என் முதல் தாள் எங்க மிஸ்? அதை டைரக்டர் சார்கிட்ட குடுத்தீங்களா?"ன்னு கேட்டா. வாட்ச்மேன் முன்னாடி. "அதுல தப்பு இருந்துச்சும்மா, அதனாலதான் வேற எழுதச் சொன்னேன்"னேன். "என்ன தப்பு மிஸ்? நான் பாத்ததை மட்டும்தான் எழுதினேன். நினைச்சதை ஒண்ணும் எழுதலையே"ன்னா. பதினாறு வயசுப் பொண்ணு. நான் சொல்லிக் குடுத்ததை வச்சே என்னைக் கேக்கறா. இந்தக் காலத்துப் பிள்ளைங்களுக்கு மரியாதை இல்லக்கா.

அந்தத் தாளா? இருக்கு. என் பையிலதான் இருக்கு. கிழிக்கல. கிழிக்கலாம்னு ரெண்டுதடவை எடுத்தேன், மனசு வரல. எவ்வளவு கவனமா எழுதியிருக்கா தெரியுமா? நேரம் போட்டு, ஒவ்வொண்ணுக்கும். என் வகுப்புலயே உருப்படியான தாள் அது ஒண்ணுதான். அது வேற விஷயம்.

அண்ணன் எப்போ வருவாரு? எங்க போயிருக்காரு?

பூங்காவுக்கா? உள்ள விடக்கூடாதுன்னு சார் சொல்லியிருக்காரே. டிக்கெட் எடுத்தா? ஜனங்களோட ஜனமா வரிசையில நின்னா? தினமுமா? அதான் பொம்மி நாலு நாளா கம்பிப் பக்கத்துலயே உக்காந்திருக்கு. நான் தாள்ல அதைக் குறிச்சு வச்சிருக்கேன். 'இடம் மாற்றம், காரணம் தெரியவில்லை'ன்னு.

படிக்கிறீங்களா? படிங்க, படிங்க. ரெண்டாவது பத்தியிலதான் விஷயமே இருக்கு. 'குட்டியின் உடல்நிலை குறித்து உரிய நேரத்தில் தெரிவிக்கத் தவறியது என்னுடைய கவனக்குறைவே. இதற்கு வேறு எவரும் பொறுப்பல்லர். என்னை மன்னித்து...' கொஞ்சம் கடுமையா இருக்குன்னு நினைக்காதீங்க, அப்படி எழுதினாத்தான் சார் படிப்பாரு.

என்னக்கா?

பேரு தப்பா? இல்லையே, ஏகாம்பரம்னுதானே போட்டிருக்கேன். இனிஷியலா?

...அக்கா, நீங்க கோபத்துல பேசறீங்க. எழுதினதெல்லாம் சரி, பேரை மட்டும் மாத்தி நானே கையெழுத்துப் போட்டுக் குடுக்கணும்னா என்ன அர்த்தம்? நான் உங்களுக்கு நல்லது செய்ய வந்தவ. எனக்கு மார்ச்ல கான்ட்ராக்ட் முடியுது. இந்த மாதிரி ஒரு லெட்டர் போச்சுன்னா மறுபடி போடுவாங்களா? அப்புறம் அந்த வகுப்பை யார் எடுப்பாங்க? அண்ணனுக்கு உடம்புல பலம் இருக்கு, வேற எங்கயாவது பாத்துக்கலாம். எனக்கு இந்த ஒரு வேலையை விட்டா, மனுஷங்க முகத்தைப் பாத்துப் பேசற வேலைதான் எல்லாமே.

இப்படிப் பாக்காதீங்க. குனிஞ்சு தைங்கக்கா.

நான் பொய் சொல்லல. எங்கயாவது பொய் சொல்லியிருக்கேனா? ஒரு வார்த்தை? நான் ஒண்ணுமே சொல்லலையே.

கேட் சத்தமா? அவரா? அக்கா, நீங்க எதுவும் சொல்லிடாதீங்க. நானே சொல்றேன். நான் சொல்லிக்கறேன்.

வாங்கண்ணே. இல்லண்ணே, இப்பத்தான் வந்தேன். சும்மாதான். சாப்பிட்டுட்டுத்தான் வந்தேன். பொம்மி எப்படி இருக்கு? சாப்பிட்டுச்சா? அரை வாழைப்பழமா? பரவாயில்ல, நேத்தைக்கு இதுகூட இல்ல.

அக்காகிட்ட பேசிக்கிட்டிருந்தேன். என்ன பேசிக்கிட்டிருந்தோம்னா... ஒண்ணுமில்லண்ணே.

அந்தக் காகிதமா? அது வந்து, நாளைக்கு சாருக்குக் குடுக்கறதுக்காக நான்... படிச்சுப் பாருங்கண்ணே. இல்ல, நான் எழுதினதா இருந்தாலும் நீங்க ஒருதடவை படிக்கணும். நான் எழுதினா சரியாத்தான் இருக்கும்னு சொல்லாதீங்க. கண்ணாடி இல்லையா? அக்கா படிச்சுக் காட்டுவாங்க. அக்கா... நீங்களாவது சொல்லுங்களேன். ஏன் பேசமாட்டேங்கறீங்க?

எங்க போடணுமா? கீழண்ணே. வலது பக்கம். தேதிக்கு மேல, அந்தக் கோட்டுல.

இருங்கண்ணே.

இருங்க, போடாதீங்க. பேனாவை இப்படிக் குடுங்க. மேல இருக்கிற பேரை முதல்ல அடிக்கணும்.